தானாகச் சாத்திக்கொண்ட கதவு

போன மாதம் சரவணம்பட்டியிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் பேசினார். கணினி வேலை பார்ப்பவர். ஒரு வேனை வாங்கி, அதற்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தானே கட்டி ஊர் சுற்றுகிறாராம். அதில் ஒரு வெளிநாட்டு பிரிட்ஜ் இருக்கிறது. கேஸிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும், வீட்டுக் கரண்டிலும் ஓடும். ஆனால் குளிரவில்லை.

"நானே எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன் சார். கம்ப்ரசரையே காணோம். எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"எங்கயும் ஒளிக்கலீங்க தம்பி. அதுல கம்ப்ரசரே கெடையாது" என்றேன்.

"அப்புறம் எப்படி சார் குளிரும்?" என்றார். அவர் குழப்பம் எனக்கு நன்றாகப் புரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அதே மாதிரி ஒரு பிரிட்ஜின் பின்னால் குந்த வைத்து உட்கார்ந்து நானும் அப்படித்தான் கம்ப்ரசரைத் தேடினேன். அந்தக் குழப்பம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. "இனிமேல் ஒரு திருகாணிகூடக் கழற்ற வேண்டாம், நடந்ததை எழுதித் தருகிறேன்" என்று அவரிடம் சொன்னேன். எங்கள் மெக்கானிக்குகள் சங்கத்து மலருக்கும் ஏதாவது எழுதக் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இதுதான்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐடிஐயில் குளிர்சாதனப் பிரிவு, பிறகு கொஞ்ச காலம் ஐஸ் பேக்டரி, அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை சிங்காநல்லூரில் ஒரு பிரிட்ஜ் கடையின் பட்டறை. எதையும் எண்ணுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கழற்றிய திருகாணிகளை எண்ணுவேன், மாட்டிய பிறகும் எண்ணுவேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, எண்ணியது சரிதானா என்று கவலைப்படுவேன். என் மனைவி, "கல்யாணத்தன்னைக்குத் தாலியில மூணு முடிச்சானு எண்ணிப் பாத்த ஆளு" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். எண்ணத்தான் செய்தேன். எண்ணாமல் எப்படி விடுவது?

எங்கள் பட்டறை மேலாளர் ஸ்டீபன் சார். என்னைவிட வயதில் சின்னவர். அதனால் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வேலையில் தம்பியாக இருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டுக்குழுவில் பெரிய குரலில் பாடுகிறவர். அந்தக் குரல் பட்டறையில் உயர்ந்து நாங்கள் கேட்டதில்லை. பழுதென்று ஒரு பிரிட்ஜ் வந்தால் அதன் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார், உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வந்தவர் மாதிரி. பிறகு எங்களைப் பார்த்துக் கேட்பார்:

"வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?"

"கேஸ் கம்மியாயிருக்கு சார்."

"அது நீங்க சொல்றது. அவங்க என்ன சொன்னாங்க? அவங்க வார்த்தையிலயே சொல்லுங்க."

"'மோர் புளிச்சுப் போகுது'ன்னாங்க சார்."

"ஆங். இப்பச் சொல்லுங்க."

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்களுக்கு அது அறவே பிடிக்காது. பழுது பிடிபடாமல் ஒரு பிரிட்ஜ் திரும்பத் திரும்ப வந்தால், அந்த வீட்டுக்கு எங்களைப் பையில்லாமல் அனுப்புவார். ஸ்பேனர் கிடையாது, கேஜ் கிடையாது, டெஸ்டர்கூடக் கிடையாது. "பையைக் கொண்டு போனா கை சும்மா இருக்காதுங்ண்ணா. எதையாவது கழட்டிப் போடும்" என்பார். கையை வீசிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் எவ்வளவு கூச்சமாக இருக்கும் தெரியுமா? 'மெக்கானிக்குனு சொன்னாங்க, விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி வந்திருக்கறாரு' என்று ஒரு வீட்டில் என் காது படவே பேசிக்கொண்டார்கள்.

கதைக்குத் தேவையான இன்னொரு தொழில் விஷயம். ஒரு வீட்டில் புது பிரிட்ஜை வைக்கும்போது, முன்கால் திருகுகள் இரண்டையும் இரண்டு சுற்று உயர்த்துவோம். பெட்டி கொஞ்சம்போல் பின்னால் சாயும். கதவைப் பாதி திறந்து விட்டால் மெதுவாகத் தானே போய்ச் சாத்திக்கொள்ளும். வீட்டுப் பெண்கள் மறந்து போனாலும் கதவு மறக்காது. தானாகச் சாத்துகிற கதவு என்றால் வைத்தவன் வேலை தெரிந்தவன் என்று பொருள். என் கையால் வைத்த பிரிட்ஜ்களில் சாத்தாத கதவு ஒன்றுகூடக் கிடையாது.

இப்போது வசந்தாமணியிடம் வருகிறேன்.

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பழைய டீசல் வேனைத் தானே ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். முப்பது வயதிருக்கும். அந்தக் காலத்தில் அதுவே வேடிக்கை. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள்.

"ஏனுங்ண்ணா, பிரிட்ஜ் பாக்கறது நீங்களுங்களா?"

"ஆமாங்க. எறக்கிப் போடலாமுங்களா?"

"எறக்க முடியாதுங்க. வண்டியோட சேத்து முடுக்கியிருக்குதுங்க. நீங்கதான் ஏறோணும்."

ஏறினேன். வேனின் இடப்பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து, இடுப்பு உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. வசந்தாமணியின் கணவர் வடநாட்டு லாரியில் போகிறவர். பம்பாய்ப் பக்கம் ஏதோ ஓர் ஏலத்தில், வெளிநாட்டுக்காரர்களின் பயண வண்டியிலிருந்து கழற்றியது என்று வாங்கி வந்திருக்கிறார். வேனின் வெளிப்புறத்தில் ஒரு சின்னத் தகட்டுக் கதவு. அதைத் திறந்தால் பிரிட்ஜின் பின்புறம் தெரியும். கம்ப்ரசரைத் தேடினேன். இல்லை. வளைந்து வளைந்து குழாய்கள். கீழே ஒரு பர்னர், அதில் பெருவிரல் அளவு நீல நெருப்பு. அதன் மேல் ஒரு சின்னப் புகைபோக்கி. குழாய்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்று இன்னொன்றுக்குள் நுழைந்து போனது. இரண்டு தரம் எண்ணியும் இரண்டு கணக்கு வந்தது.

எங்கள் பட்டறைப் பழனிசாமி எட்டிப் பார்த்தான். "ஏனுங்ண்ணா, இது பிரிட்ஜுங்களா, வெந்நி அடுப்புங்களா?"

ஸ்டீபன் சார் வந்து ஸ்டூல் போட்டார். பழைய மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் மண்ணெண்ணெயில் ஓடிய பிரிட்ஜை அவர் பார்த்திருக்கிறார். "இது சத்தமே போடாதுங்ண்ணா. உள்ள அம்மோனியாவும் தண்ணியும் கலந்து இருக்குது. சூடு பண்ணா அம்மோனியா பிரிஞ்சு மேல போகும். மேல ஆறி, தண்ணி மாதிரி ஆகி எறங்கும். எறங்கி ஆவியாகறப்பப் பெட்டிக்குள்ள இருக்கற சூட்டை எடுத்துக்கும். திரும்பத் தண்ணியில கலந்து அடுப்புக்கே வந்துரும். தள்ளி விட மோட்டார் கெடையாது. எல்லாம் அதது எடையில எறங்கி ஓடோணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கேட்டேன். கேட்டதோடு சரி. நெருப்பு வைத்தால் எப்படிக் குளிரும் என்ற முதல் சந்தேகத்திலேயே என் மனது நின்றுவிட்டது. நெருப்பைக் கூட்டினால் குளிரும் கூடுமா? அணைத்தால் சுடுமா? வீட்டில் மனைவியிடம் சொன்னதற்கு, "செரி, நாளைக்கு அடுப்புல மோரை வெக்கறேன்" என்றாள்.

எதற்கு அந்த வேனில் பிரிட்ஜ்? வசந்தாமணி பட்டுப்புழு முட்டை கொண்டுவந்து விவசாயிகளுக்குக் கொடுக்கிற ஏஜென்ட். மலைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்து முட்டை நிலையத்திலிருந்து அட்டை அட்டையாக வாங்கி வருவார். ஒவ்வோர் அட்டையிலும் கடுகைவிடச் சின்ன முட்டைகள். பொரிக்கிற நிலைக்கு வந்த முட்டையைச் சில நாள் குளிரில் வைத்தால் பொரிப்பு தள்ளிப் போகும். ஒருவர் தோட்டத்தில் மல்பெரி இலை இன்றைக்குத் தயார், இன்னொருவர் தோட்டத்தில் நாளை மறுநாள். இலை தயாரான அன்றைக்கு அவரவருக்கு முட்டை போய்ச் சேர வேண்டும். முன்னாலேயே பொரித்துவிட்டால் தின்ன இலை இல்லாமல் புழு செத்துப்போகும். ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கேஸ் பிரிட்ஜ்.

"என்ன ஆகுதுங்க?" என்று கேட்டேன்.

"ஓடறப்ப நல்லாத்தானுங்க இருக்குது. ஊட்டுல கொண்டு போய் நிறுத்தி ராத்திரி தாண்டுச்சுன்னா, விடிய உள்ள கறுப்பு நூல் பிச்சுப் போட்டாப்புல புழு நெளியுதுங்க. பொட்டிக்குள்ள குளுரே இருக்கறதில்லீங்க. பொட்டி என்னமோ நல்ல பொட்டிதானுங்க, கதவுகூட அதே சாத்திக்கும். குளுந்தாத்தான் காணோம்."

ஸ்டீபன் சாரிடம் அவர் வார்த்தையிலேயே சொன்னேன். ஓடும்போது நன்றாக இருக்கிறது, வீட்டில் நிறுத்தினால் புழு நெளிகிறது. கதவைப் பற்றிச் சொல்லவில்லை. அது புகார் இல்லையே, பாராட்டுதானே!

பட்டறைக்குள் வேனை நிறுத்திப் புகைபோக்கியைத் துடைத்தோம். அதற்குள் முறுக்கிய தகடு ஒன்று தொங்கும். அதில் கரி அப்பியிருந்தது. பர்னரின் ஊசித் துளையை ஊதிச் சுத்தம் செய்தோம். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். அம்மோனியா வாசனை இருக்கிறதா, எங்காவது மஞ்சள் கறை இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும், சாலிடர் அடிக்கிற வேலையே கூடாது. இல்லை. பற்ற வைத்தோம். பொழுது சாய்வதற்குள் உள்ளே விரல் விறைத்தது. வசந்தாமணி சிரித்த முகமாக ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த முட்டை லாட் வந்த கையோடு திரும்பி வந்தார். பாதி அட்டை பொரித்துவிட்டது. பட்டறையில் பற்ற வைத்தால் மறுபடி குளிர்கிறது.

இந்தத் தடவை ஸ்டீபன் சார் பிரிட்ஜை வேனிலிருந்து கழற்றச் சொல்லி, தலைகீழாகக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். பட்டறையே திகைத்து நின்றது. பிரிட்ஜைப் படுக்க வைப்பதையே நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். படுக்க வைத்ததை நிமிர்த்தினால் ஒரு நாள் தொடாமல் விட வேண்டும் என்று படித்தவர்கள் நாங்கள். இவர் தலைகீழாக நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார்! உள்ளே தேங்கி நின்றுபோன கலவை அப்படிச் செய்தால் மறுபடி ஓடுமாம். உள்ளே குடுகுடுவென்று சத்தம் கேட்டது, வெந்நீர் குடித்த வயிறு மாதிரி. நிமிர்த்தி மாட்டி அனுப்பினோம். சந்தேகத்துக்குத் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினேன்.

மூன்றாவது தடவை வசந்தாமணி வரவில்லை. தொலைபேசியில்தான் பேசினார். குரல் சரியில்லை. மறுபடி கொஞ்சம் பொரித்துவிட்டதாம். "ண்ணா, நீங்களே ஒருக்கா ஊட்டுக்கு வந்து பாருங்க" என்றார்.

பையோடு போனேன். அன்னூர், புளியம்பட்டி, சத்தி, கோபி என்று பேருந்து மாறி, அங்கிருந்து வாய்க்கால் ஓரமாக நடை. வீடு புதிது. வசந்தாமணியின் மாமனார் அர்த்தனாரி வெகுகாலம் பண்ணைகளில் தண்ணீர் கட்டின ஆள். நாற்றங்காலுக்கு மட்டம் அடிப்பதிலும் மடை திருப்புவதிலும் அவருக்குச் சுற்று வட்டாரத்தில் பெயர். மகன் லாரியும் மருமகள் முட்டையுமாகச் சேர்த்துக் கட்டின முதல் வீடு அது. முன்னால் மதுக்கரை சிமெண்ட்டில் பெரிய களம் மாதிரி வாசல். அதைக் கொத்தனாரிடம் விடாமல் அவரே இழுத்துப் பூசியிருந்தார். கிழக்கே ரோடு, கிழக்கே கேட். வேன் கேட்டுக்குள் நேராக நுழைந்து மேற்கே பார்த்து நின்றது.

வேனுக்குள் ஏறிக் கதவைத் திறந்து விட்டேன். மெதுவாகப் போய்ச் சாத்திக்கொண்டது. 'பொருத்தினது சுத்தமாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ' என்று முடிவு கட்டினேன். கேஸ் குழாய், ரெகுலேட்டர், ரப்பர் எல்லாம் மாற்றினேன்.

கிளம்பும்போது வசந்தாமணியின் கொழுந்தன் செல்வன் கேட்டில் நின்றான். "ஏனுங்க மெக்கானிக்கு, அண்ணிக்கு எதுக்குங்க முட்டை யாவாரம்? வண்டி ஓட்டற கைக்கு பிரிட்ஜு அடங்கலையாட்டம் இருக்குது" என்றான். விவசாயிகளிடம், அடுத்த மாதத்திலிருந்து முட்டை தன் கையால் வரும் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. மாமனாரும் ஒரு முடிவு சொல்லியிருந்தார்: இன்னும் ஒரு லாட் பார்ப்பது, அதுவும் பொரித்தால் ஏஜென்சியும் வண்டியும் செல்வனுக்கு. அதை என்னிடம் சொல்லும்போது வசந்தாமணி என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்தில் வழியெல்லாம் எனக்கு இதே நினைப்பு. செல்வனே ராத்திரி கேஸைத் திருகி விடுகிறானோ? அப்படியானால் நெருப்பு அணைந்திருக்க வேண்டும். விடிந்து பார்த்தால் நெருப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்று வசந்தாமணி சொல்கிறார். அணைத்துவிட்டு மறுபடி பற்ற வைப்பானோ? ஒரு மனிதன் இவ்வளவு சிரமப்படுவானா? இதே யோசனையில், அன்னூரில் இறங்கிப் பேருந்து மாற மறந்துவிட்டோமே என்று பதறினேன்; அது நேராகக் கோவைக்கே போகிற பேருந்து என்பது கோவை வந்த பிறகுதான் நினைவு வந்தது.

ஸ்டீபன் சாரிடம் செல்வனைப் பற்றிச் சொன்னேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க சார்."

"அப்ப அவரை விடுங்க. திரும்பப் போங்க. பையை இங்கயே வெச்சிருங்க."

"சார், அந்தம்மாவுக்குக் கடைசி லாட்டு. நாளைக்கு மறுநாள் வருது. வெறுங்கையோட போய் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்கண்ணா. உக்காந்திருங்க."

கோபமாகத்தான் போனேன். ஒரு தெர்மாமீட்டரை மட்டும் அவருக்குத் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வசந்தாமணி என் கையைப் பார்த்தார். "பை எங்கீங்ண்ணா?"

"இன்னைக்கு சும்மா பாக்கறதுங்க."

செல்வன் திண்டில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். "பாக்கறதுக்கு நாங்களே இருக்கறமுங்களே" என்றான்.

வேனுக்குள் ஒரு பாயைப் போட்டு பிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நெருப்பு எரிந்தது. பெட்டிக்குள் வைத்த தெர்மாமீட்டர் வெளிச் சூட்டையே காட்டியது. வசந்தாமணி மோர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளரைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. கதவைத் திறந்து விட்டேன். சாத்திக்கொண்டது. இன்னும் கொஞ்சம் திறந்து விட்டேன். சாத்திக்கொண்டது. எண்ண ஆரம்பித்துவிட்டேன். எந்த இடத்திலிருந்து விட்டால் சாத்தாது என்று பார்க்கலாமென்று கதவை முழுக்க அகலத் திறந்து, எதிர்ச் சுவரைப் பார்க்க நிறுத்தி விட்டேன். அங்கிருந்தும் கிளம்பி வந்து, டப்பென்று அடித்துச் சாத்திக்கொண்டது.

நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு தரம் விட்டுப் பார்த்தேன்; மறுபடி டப்பென்று சாத்திக்கொண்டது.

என் கையால் வைத்த பிரிட்ஜ்களில் கதவு பாதியிலிருந்து மெல்லப் போய்ச் சாத்தும். முழுக்க அகலத் திறந்துவிட்டால் நிற்கும். பின்பக்கம் சாய்ந்த பெட்டி அப்படித்தான் செய்யும். அகலத் திறந்த கதவு இப்படி ஓடி வந்து சாத்துகிறது என்றால் பெட்டி பின்னால் சாயவில்லை, பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. கீல் இருக்கிற பக்கம் உயரம், கைப்பிடிப் பக்கம் பள்ளம். மோர் டம்ளரைப் பார்த்தேன். ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டு நின்றது மோர். மறுபக்கம் அரை விரற்கடை அளவு இறங்கியிருந்தது. 'எல்லாம் அதது எடையில எறங்கி ஓடோணும்.' அந்த வாக்கியம் அப்போதுதான் எனக்குள் இறங்கியது. பட்டறைத் தரை மட்டம். ரோட்டில் ஓடும்போது குலுங்கிக் குலுங்கி எப்படியோ ஓடிவிடும். இந்த வாசலில் நிறுத்தினால் உள்ளே இருப்பது குழாயின் ஏதோ ஒரு முழங்கை வளைவில் தேங்கி நின்றுவிடுகிறது.

இறங்கி வாசலைப் பார்த்தேன். கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரிந்தது. சுற்றுச்சுவரையும் அதே சாய்மானத்தில் கட்டியிருந்ததால் கண் ஏமாந்துபோகிறது. அர்த்தனாரி கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த வாசல் மட்டமுங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதுவரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. "மட்டமாட்டத் தெரியுதுங்களா? அதுதானுங்க வேலை! பத்தடிக்கு முக்கா அடி கெழக்க வாட்டம். மேக்க ஒசரம், கெழக்கத் தாவு. வாஸ்து பாக்கறவரு சொன்னாருங்க. ஒரு சொட்டுத் தண்ணி உளுந்தாலும் கெழக்கதான் போவோணும். மட்டப்பலகை வெக்கலீங்க. எல்லாம் கண்ணளவு."

வசந்தாமணிக்குப் புரிய வைத்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். மூன்றையும் பார்த்து முடித்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"கிழக்குப் பக்கத்து சக்கரத்துக்கு அடியில ரெண்டு பலகை போட்டாப் போதுமுங்க" என்றேன்.

"கெழக்க ஒசத்தறதா?" அர்த்தனாரி கயிற்றைக் கீழே வைத்தார். "ஊட்டுக்கு ஆகாதுங்க."

"அப்ப மேக்குச் சக்கரத்துக்குச் சின்னதா ரெண்டு குழி..."

"மேக்க குழியா? நல்லா சொன்னீங்க போங்க! அதுக்கு ஊட்டையே இடிச்சுப் போடலாமுங்க."

"பெட்டிக்கு அடியில கட்டை வெச்சா?" என்று வசந்தாமணி கேட்டார். அது முடியாது. கேஸுக்குச் செம்புக் குழாய். தினமும் பெட்டியைத் தூக்கி இறக்கினால் விரிசல் விடும். அந்தக் குறுகின ரோட்டில் நிறுத்தலாமென்றால் வேறு வண்டி போக இடமிருக்காது.

செல்வன் பல் குத்துவதை நிறுத்தியிருந்தான். "உடுங்கண்ணி. நாலு லாட்டுப் பாத்தாச்சு."

"மூணுதான்" என்றார் வசந்தாமணி.

எனக்குக் கை பரபரத்தது. பை இல்லை. பிரிட்ஜின் முதுகை மறுபடி போய்ப் பார்த்தேன். குழாய்களெல்லாம் பெட்டியின் அகல வாக்கில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத்தான் நீண்டு கிடந்தன. பெட்டியின் அகலம் வண்டியின் நீளத்தோடு போகிறது. வண்டி மேற்கே பார்த்து நிற்கிறது. சாய்வு முழுவதும் குழாய்களின் நீளத்தில் விழுகிறது. வண்டியைக் குறுக்கே திருப்பி நிறுத்தினால் அதே சாய்வு முன்னும் பின்னுமாக விழும். குழாய்கள் நீளவாக்கில் மட்டமாக இருக்கும். அது போதுமா? எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் சாய்ந்தால் ஆகாது, அந்தப் பக்கம் சாய்ந்தால் பரவாயில்லை என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. படித்தவன் மாதிரி சொன்னேன்:

"வண்டியக் குறுக்க நிறுத்திப் பாக்கலாமுங்க. தரையை ஒண்ணும் பண்ண வேண்டாம்."

அர்த்தனாரி யோசித்தார். "வடக்க பாத்து நிறுத்தலாம். தெக்க பாத்து ஆகாது." பிறகு எழுந்து வந்து வாசலைக் கண்ணாலேயே அளந்தார். வண்டி குறுக்கே நின்றால் நேராக வீட்டு நிலைவாசலை மறிக்கும். அது ஆகவே ஆகாது. இன்னும் தெற்கே தள்ளி நிறுத்தலாமென்றால் அங்கே துவைக்கிற கல் கிடந்தது. பெரிய கருங்கல். பண்ணையில் வேலை செய்த காலத்தில், பண்ணைக்காரர் கிணறு வெட்டியபோது வந்த கல்லை இவர் கேட்டு வாங்கி, குடிசை குடிசையாகக் கூடவே கொண்டுவந்தது என்று வசந்தாமணி பிறகு சொன்னார். புது வீட்டில் அதற்கென்று மூலை பார்த்து அவர்தான் பதித்திருக்கிறார்.

 வசந்தாமணி அதை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் அந்தக் கல்லின் பக்கமே திரும்பவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அர்த்தனாரி கொஞ்ச நேரம் கல்லுக்கு முன்னால் நின்றார். பிறகு, "செல்வா, கடப்பாரையை எடு" என்றார்.

"எதுக்குங்கப்பா?"

"எடுடான்னா."

மூன்று பேரும் சேர்ந்து அதைப் பெயர்த்து உருட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோனோம். பையில்லாமல் வந்தவனுக்குக் கடைசியில் கடப்பாரை கிடைத்தது. வசந்தாமணி வண்டியை முன்னும் பின்னுமாக ஒடித்து ஒடித்துக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். எத்தனை ஒடி என்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்; கல் உருட்டின களைப்பில் மறந்துவிட்டேன்.

நெருப்பை அணைத்து ஆற விட்டுப் பிறகு பற்ற வைத்தோம். சாப்பிட்டோம். உள்ளே சூடு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். குறையவில்லை. வசந்தாமணி பார்த்தார். குறையவில்லை. செல்வன் வந்து பார்த்துவிட்டுத் திண்டில் போய் உட்கார்ந்து மறுபடி பல் குத்த ஆரம்பித்தான். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பொழுதோடு கடைசிப் பேருந்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பின்பக்கக் குழாயின் மேல் முனையைத் தொட்டால் கை பொறுக்கவில்லை, பெட்டிக்குள் சில்லென்றிருந்தது. தெர்மாமீட்டரை எடுத்து வசந்தாமணியிடமே கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுக்காமல் மறுபடி உள்ளே வைத்துக் கதவைக் கையால் சாத்திப் பிடித்துக்கொண்டார்.

"எறங்குதுங்ண்ணா" என்றார், ரொம்ப மெதுவாக, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி.

அந்த லாட்டில் ஓர் அட்டைகூட முன்கூட்டிப் பொரிக்கவில்லை. அதற்கடுத்த லாட்டிலும் இல்லை. ஏஜென்சி வசந்தாமணியிடமே இருந்தது. ஸ்டீபன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவு தானே சாத்திக்கும் என்று முதல் நாளே அந்தப் பெண் சொன்னதையும் சொன்னேன். அவர் ஸ்டூலை விட்டு எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணா, பாராட்டையும் சேத்துச் சொல்லோணுமுங்க" என்றார்.  பிறகு தெர்மாமீட்டர் எங்கே என்று கேட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

சரவணம்பட்டித் தம்பிக்கும் இதுதான் சொல்வது. சாய்ந்த பெட்டியில் நெருப்பை எரிய விடாதீர்கள், நெருப்புக்கு மேலே இருக்கிற பாய்லர் குழாய் உள்ளுக்குள்ளேயே கருகிவிடும். எங்களுடையது தப்பித்தது எங்கள் அதிர்ஷ்டம். எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் மோரை மேலே வைத்துப் பாருங்கள்.

சில மாதம் கழித்து வேறொரு வேலையாகக் கோபிக்குப் போனபோது அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வந்தேன். வேன் அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. நான்கு சக்கரமும் எங்கே நிற்க வேண்டும் என்று வாசலில் சுண்ணாம்பால் நான்கு கட்டம் போட்டிருந்தார் அர்த்தனாரி. அவரே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். "உடு, உடு... ஒடிச்சு வா அம்மணி... போதும்!"

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து வேனுக்குள் கூட்டிப் போனார். முகத்தில் கவலை.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தக் கதவைக் கொஞ்சம் பாருங்க. முன்னெல்லாம் மரியாதையா அதே சாத்திக்கும். நீங்க வந்து ரிப்பேர் பண்ணிப்போட்டுப் போனதுல இருந்து, உட்டா அதே தெறந்துக்குதுங்க. ஊட்டுக்கு ஆவறதில்லைங்க, இது. செரி பண்ணிக் குடுங்க."

விட்டுப் பார்த்தேன். உண்மைதான். பெட்டி இப்போது முன்பக்கம் சரிந்து நின்றது. கதவு தானாகத் திறந்து, அகலமாய்ப் போய் நின்றது. என் தொழிலில் அப்படி ஒரு கதவை நான் விட்டு வந்ததே கிடையாது. எதைச் சரி செய்வது? சரி செய்தால் குளிருமா? என்னிடம் பையும் இல்லை.

வசந்தாமணி எங்கள் இருவருக்கும் நடுவில் கையை நீட்டிக் கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டினார்.

"நானே சாத்திக்கறேனுங்க மாமா" என்றார்.